கீப்பர் கையுறை கொள்முதல்: சில குறிப்புகள்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் மளிகையோடு பந்து, மட்டையும் வைத்து விற்கும் வணிகர்களில் பலர் விக்கெட் கீப்பர் கையுறையை விலை பார்த்தே எடுக்கிறார்கள். கிரிக்கெட் தோல் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். அது நுனியில் பட்டால் பையனின் விரல் எலும்பே முறியலாம்.

ஆகவே முதலில் விரல் நுனிகளை அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் அமுங்கக் கூடாது. உள்ளங்கை ரப்பரை மடக்கிப் பாருங்கள். வெடிப்புக் கண்டால் அது பழைய சரக்கு. ரப்பரின் ஓரத்தில் தையல் ஓடியிருக்க வேண்டும். வெறும் பசை வியர்வையில் பிரிந்துவிடும்.

கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் மட்டுமே இணைப்புத் தோல் இருக்கலாம் என்பது ஆட்ட விதி. அமெரிக்க பேஸ்பால் கையுறை போலப் பை வைத்தது வந்தால் வாங்காதீர்கள், நடுவர் அனுமதிக்க மாட்டார்.

இந்தச் சரக்கு பெரும்பாலும் மீரட், ஜலந்தரிலிருந்து வருகிறது. 1947 பிரிவினையில் சியால்கோட்டை விட்டு வந்த தொழிலாளர்கள் அங்கே வளர்த்த தொழில். கைத்தையல் நேர்த்தி இன்றும் உண்டு. அதே ஊர்களிலிருந்து மட்டமான சரக்கும் வருகிறது!

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரியவர் அளவை விற்காதீர்கள். தொளதொளவென்று இருந்தால் பந்து நழுவும். உள்ளே போடும் பருத்திக் கையுறையையும் சேர்த்தே கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் தோலில் பூஞ்சணம் பூக்கும். உப்பு மூட்டை, எண்ணெய் டின் பக்கம் வேண்டாம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போகும். அளவு மாற்றித் தராத ஏஜெண்டிடம் அரை டஜனுக்கு மேல் எடுக்க வேண்டாம்.