அலையும் ஒளிபரப்பும்

நுழையும்முன்

விளையாட்டைக் களத்தில் காண்போர் சிலர். ஊடகத்தின்வழிக் காண்போர் பலர். ஊடகத்தின் பார்வை படாத விளையாட்டின் நிலை என்ன?

பலகைமேல் நின்று அலையில் செல்வது அலைச்சறுக்கு. குறும்பலகைமேல் குப்புறப் படுத்துச் செல்வது ‘பாடிபோர்டிங்’. இதற்குரிய நுரைப்பலகையை 1971ஆம் ஆண்டு ஹவாயில் டாம் மோரி உருவாக்கினார். ஹவாய் வீரர் மைக் ஸ்டூவர்ட் ஒன்பது முறை உலக வாகை சூடினார்.

போட்டியாளர் குறித்த நேரத்திற்குள் பல அலைகளில் ஏறலாம். ஒவ்வோர் அலைக்கும் பத்துக்கு மதிப்பெண் வழங்கப்படும். சிறந்த இரண்டின் மதிப்பெண்களே கூட்டப்படும். அலையின் உச்சியிலிருந்து மேலெழுந்து சுழன்று, மீண்டும் அலையிலேயே இறங்குவோர் மிகுதியாகப் பெறுவர்.

கடல் கடிகாரம் பார்ப்பதில்லை. தக்க அலை எழும்வரை போட்டி பல நாள் காத்திருக்கும். நேரத்தை முன்னரே வகுக்கும் தொலைக்காட்சிக்கு இஃது எளிதில் ஒத்துவரவில்லை. ஆதலின், நெடுங்காலம் இதழ்களின் ஒளிப்படங்களும் காணொளி நாடாக்களுமே இவ்விளையாட்டைப் பரப்பின. இணையம் வந்தபின், அலை எழும் நாளிலேயே நேரலை இயன்றது.

ஆயினும், ஒளிப்படக்கருவி பெரிதும் நாடுவது பாய்ச்சலின் கணத்தையே. அதற்குமுன் கடலில் காத்திருந்த பொறுமையையும், அலையைத் தேர்ந்த நுண்ணறிவையும் வருணனையாளரே சொல்லால் உணர்த்த வேண்டும். பார்வையாளர் குறைந்தால் விளம்பர ஆதரவு குறையும். ஆதரவு குறைந்தால் வீரர் தம் பொருளைச் செலவிட்டே கடல் கடந்து செல்ல நேரும். எனவே, செய்தியாளரின் சொல் வெறும் முடிவறிவிப்பன்று. விளையாட்டின் வாழ்வுக்கே துணையாவது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் நடைபெறும், ஊடகம் பாராத விளையாட்டு ஒன்றிற்கு நேர்முக வருணனை எழுதி வகுப்பில் வழங்குக.