சித்தி வீட்டுக்கு வர்றான் என் பிள்ளை

தங்கச்சி, முழுப்பரீட்சை லீவுக்கு என் மகன் முதல்முறையா பத்து நாள் உன் வீட்ல தங்கப் போறான். "என்ன சமைக்கணும்னு மட்டும் சொல்லுக்கா"ன்னு போன்ல கேட்ட. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சாப்பாட்டைவிட முக்கியம் சத்தம். அதை முதல்ல சொல்றேன்.

குக்கர் விசில், ஃபேன், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் நம்ம காதுல விழுந்தும் விழாத மாதிரி போயிடும். அவனுக்கு அப்படி ஒதுங்காது. எல்லாமே ஒண்ணா வந்து மோதும். காதைப் பொத்தினா கையை எடுக்கச் சொல்லாதே. "மிக்ஸி போடப் போறேன்"னு முன்கூட்டியே சொல்லிடு, அவனே உள்ரூமுக்குப் போயிடுவான்.

கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்ச வேண்டாம். லேசாத் தொட்டா துள்ளி விலகுவான்; கனமான கம்பளியைப் போர்த்திவிட்டா அமைதியாயிடுவான். அமெரிக்காவுல டெம்பிள் கிராண்டின்னு ஒரு கால்நடை விஞ்ஞானி இருக்காங்க. அவங்களுக்கும் ஆட்டிசம். சின்ன வயசுல யாராவது கட்டிப்பிடிச்சா விறைச்சுப் போவாங்களாம். தடுப்பூசி போட மாட்டை ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற கூண்டைப் பண்ணையில பார்த்துட்டு, தனக்கே அப்படி ஒண்ணு செஞ்சுகிட்டாங்க. அழுத்தம் எவ்வளவு, எப்போ நிறுத்தணும்கிறது அவங்க கையில இருந்துச்சு. அதனால அவன் வந்து சாயட்டும், நீயா இழுத்து அணைக்காதே.

அடுத்தது பேச்சு. நாம கிளம்பும்போது "வரேன்"னுதானே சொல்லுவோம்? போன வருஷம் நம்ம மாமா அப்படிச் சொல்லிட்டுப் போனார். இவன் பொழுது சாயற வரைக்கும் கேட் பக்கத்துலயே நின்னான். எனக்குப் புரியவே ராத்திரி ஆயிடுச்சு. பொய் சொன்னது நாமதான்னு அன்னிக்கு அழுதேன். "கொஞ்சம் இரு"ன்னு சொல்லாதே, "அஞ்சு நிமிஷம்"னு சொல்லி கடிகாரத்தைக் காட்டு. கோயிலுக்குப் போறதா சொல்லிட்டு வழியில கடைக்குத் திரும்பாதே. திரும்பணும்னா வீட்லயே சொல்லிடு.

"அடுத்த ஸ்டேஷன் ஆலந்தூர்"னு திரும்பத் திரும்பச் சொன்னா, வெளியே போகணும்னு அர்த்தம். அவன் சொல்ற விதம் அது. பதில் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க மாட்டான்; பார்க்காதப்போதான் நல்லாக் கேட்பான்.

சில நேரம் தாங்க முடியாம கத்தி, தரையில விழுந்துடுவான். அது அடம் இல்லை. அடம்னா வேண்டியது கிடைச்சதும் நிக்கும், இது நிக்காது. லைட்டை அணை, ஆளுங்களை அனுப்பு, பேச்சைக் குறை. பக்கத்துலயே உட்கார்ந்திரு. மிரட்டினா இன்னும் கூடும்.

மாமியார் "இவனுக்கு நம்ம மனசு புரியாதா?"ன்னு கேட்பாங்க. டேமியன் மில்டன்னு ஆட்டிசம் உள்ள ஒரு சமூகவியலாளர் 2012-ல இதைப் பத்தி எழுதினார். புரியாமை ரெண்டு பக்கமும் இருக்கு. ஆட்டிசம் உள்ளவங்களை மத்தவங்களும்தான் புரிஞ்சுக்கலைன்னார். எனக்கு அது அனுபவத்துல தெரிஞ்ச உண்மை. மாமியார்கிட்ட பொறுமையாச் சொல்லு.

சமையல்னா தயிர் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம வை. பசிக்குதுன்னு அவனுக்கே சில நாள் தெரியாது, மணி பார்த்துப் போடு.

அவனை விட்டுட்டுக் கிளம்பும்போது நான் "வரேன்"னு சொல்ல மாட்டேன். "அம்மா நம்ம வீட்டுக்குப் போறேன், பத்து நாள் கழிச்சு வந்து கூட்டிட்டுப் போவேன்"னு சொல்லுவேன். காலண்டர்ல அந்தத் தேதியை நீ வட்டம் போட்டு வை.