மாதிரிக் குதிரைகளைப் பாதுகாத்தல்

தபால்தலை, நாணயம், சிறிய மகிழுந்து எனப் பலவகைப் பொருள்களைச் சேகரிப்போர் நம் நாட்டில் உள்ளனர். குதிரைகளின் மாதிரி உருவங்களைச் சேகரிப்போரும் உண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் இயங்கிய பிரேயர் நிறுவனம் 1950ஆம் ஆண்டில் தன் முதல் மாதிரிக் குதிரையைத் தயாரித்தது. கடிகாரம் ஒன்றிற்கு அழகூட்டவே அது செய்யப்பட்டது. பின்னர், குதிரையையே மக்கள் விரும்பி வாங்கத் தொடங்கினர்.

குதிரை உருவம் தமிழர்க்குப் புதியதன்று. தமிழ்நாட்டின் சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரச் சிற்றூர்களில் புரவி எடுப்பு விழாவின்போது சுடுமண் குதிரைகளை ஊர்வலமாகச் சுமந்து சென்று அய்யனார் கோயிலில் வைப்பர். அவை வெயிலிலும் மழையிலும் நின்று காலப்போக்கில் சிதையும். அடுத்த விழாவில் புதிய குதிரைகள் வந்து சேரும். சேகரிப்பாளரின் நிலை வேறு. அவருக்கு ஒரே குதிரை பல்லாண்டு நிலைக்க வேண்டும். ஆகவே, அது எப்பொருளால் ஆனது என்பதை அவர் முதலில் அறிய வேண்டும்.

பிரேயர் குதிரைகளுள் பல, செல்லுலோஸ் அசிட்டேட் எனும் நெகிழியால் ஆனவை. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தால் இந்நெகிழி மெல்லச் சிதைந்து அமிலத்தை வெளியிடும். வினிகர் மணம் வீசுவது அதன் அறிகுறியாகும். நாளடைவில் உருவம் சுருங்கி வளையும். வெளியேறும் அமில ஆவி அருகிலுள்ள குதிரைகளையும் பாதிக்கும். எனவே, அத்தகைய குதிரையை உடனே தனியே பிரித்து வைக்க வேண்டும். காற்றுப் புகாத பையில் அதைக் கட்டி வைத்தால், அமிலம் உள்ளேயே தேங்கிச் சிதைவு விரைவுபடும்.

ஷா ஆலமில் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுதி. ஆகவே, காட்சி அலமாரியை வெயில் படும் சன்னலுக்கு எதிரே வைத்தல் ஆகாது. வெயிலில் வண்ணம் மங்கும். வெண்ணிறக் குதிரை மஞ்சளாகும். கண்ணாடிக் கதவு தூசியைத் தடுக்கும். ஆயினும், அலமாரிக்குள் விளக்கைப் பொருத்தினால் வெப்பம் தேங்கும். விளக்கு வெளியே இருப்பதும் கதவை அவ்வப்போது திறந்து வைப்பதும் நன்று.

குதிரையின் கால்கள் மெல்லியவை. ஒன்று சரிந்தால் அடுத்ததையும் சாய்த்துவிடும். ஆதலால், குதிரைகளுக்கிடையே போதிய இடைவெளி விட வேண்டும்; அலமாரியைச் சுவரோடு திருகாணியால் பிணைக்க வேண்டும். தூக்கும்போது காலையோ வாலையோ பிடிக்காமல் உடலைப் பற்ற வேண்டும். தூசியை மென்மையான தூரிகையால் அகற்றலாம். சுடுமண் குதிரையை நீரில் கழுவக் கூடாது. அதன் நுண்துளைகள் நீரை உறிஞ்சும். மேலே பூசிய வண்ணமும் உரியக்கூடும்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பெய்த அடைமழையால் ஷா ஆலமிலுள்ள தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. பல வீடுகளின் கீழ்த்தளத்தில் இருந்த பொருள்கள் பாழாயின. தாழ்வான பகுதியில் வாழ்வோர் சேகரிப்புப் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் மேல்மாடி அறையில் வைப்பது நல்லது. கூரைக்கு நேர் கீழே உள்ள பரணில் வெப்பம் மிகுதி என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பெட்டியில் அடுக்கும்போது, செய்தித்தாளின் மை ஒட்டக்கூடும் என்பதால், அமிலமற்ற மெல்லிய தாளில் குதிரைகளைச் சுற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் நிழற்படம் எடுத்துப் பட்டியலிட்டால், இழப்பு நேரும்போது அப்பதிவு உதவும். வெள்ளம் சூழும்போதோ உயிரே முதன்மையானது. பொருளை எடுப்பதற்காக வெளியேறத் தாமதிக்கக் கூடாது.

நவராத்திரிக் கொலுப் பொம்மைகளும் ஆண்டின் பெரும்பகுதியைப் பெட்டியிலேயே கழிப்பவை. பொருளின் தன்மையையும் வைக்கும் இடத்தின் இயல்பையும் அறிந்து செயல்பட்டால், அவையும் அடுத்த தலைமுறையின் கைகளுக்குப் பழுதின்றிச் சென்று சேரும்.