381 நாள் நடந்தே போன ஊர்

ரோசா பார்க்ஸ் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அமெரிக்காவில் ஒரு வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண். பெரும்பாலும் கதை அத்துடன் முடிந்துவிடுகிறது. அவர் மறுத்தது ஒரு மாலை நேரத்தில். அதற்குப் பின் ஓராண்டுக்கும் மேலாக அந்த ஊர் மக்கள் வேலைக்கு எப்படிப் போனார்கள், செலவை யார் ஏற்றார்கள், வழக்கு யார் பெயரில் நடந்தது என்பதைப் பேசுவோர் குறைவு. இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

ஊர், அலபாமா மாநிலத்தின் தலைநகரான மாண்ட்கோமரி. இரண்டாம் உலகப் போரில் கறுப்பின இளைஞர்கள் தனிப் படைப்பிரிவுகளில் நிறுத்தப்பட்டு, நாட்டுக்காகப் போரிட்டுத் திரும்பியிருந்தார்கள். ராணுவத்தில் இந்தப் பாகுபாட்டை நீக்க 1948இல் அதிபர் ட்ரூமன் ஆணையிட்டார். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மாண்ட்கோமரியில் ஏறும் பேருந்தில் எதுவும் மாறவில்லை.

அந்தப் பேருந்தில் 36 இருக்கைகள். முன்னால் உள்ள 10 வெள்ளையருக்கு. அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் நின்றுகொண்டுதான் வர வேண்டும். நடுப்பகுதியில் உட்காரலாம், ஆனால் ஒரு வெள்ளையர் வந்தால் அந்த வரிசை முழுவதும் எழ வேண்டும். முன்வாசலில் காசைக் கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசல் வழியாக ஏறச் சொல்வார்கள். அவர்கள் பின்வாசலை அடைவதற்குள் வண்டியைக் கிளப்பிவிடும் ஓட்டுநர்களும் இருந்தார்கள். இத்தனைக்கும் பயணிகளில் நான்கில் மூன்று பங்கு கறுப்பினத்தவர்; கம்பெனி பிழைத்ததே அவர்கள் காசில்தான்.

ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை 1949இல் இப்படி ஒரு பேருந்தில் ஓட்டுநரிடம் அவமானப்பட்டுக் கண்ணீரோடு இறங்கியவர். பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவியான அவர், பேருந்துகளில் நடத்தும் விதம் மாறாவிட்டால் புறக்கணிப்பு வரக்கூடும் என்று 1954 மே மாதமே நகர மேயருக்குக் கடிதம் எழுதிவிட்டார். ஆகவே எல்லாம் ஒரே நாளில் வெடித்ததல்ல. 1955 மார்ச்சில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி எழ மறுத்துக் கைதானாள். பெரியவர்கள் அவளை முன்னிறுத்தத் தயங்கினார்கள். வயது போதாது, ஊர் ஒன்றுபடாது என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். அந்தச் சிறுமிக்கு அது நியாயமாகப் பட்டிருக்காது.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை. தையல் வேலை முடிந்து வீடு திரும்பிய ரோசா பார்க்ஸ் கைதானார். அவருக்கு வயது 42. கால் வலியால் எழவில்லை என்று சொல்வது தவறு; அவர் பல ஆண்டுகளாக உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் செயலாளர். ரயில் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஈ. டி. நிக்சன் அவரை ஜாமீனில் எடுத்தார். அன்றிரவே ராபின்சன் தம் கல்லூரியில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டுப்பிரசுரங்களை சைக்ளோஸ்டைல் எடுத்தார். மறுநாள் அவை வீடுகள்தோறும் போய்ச் சேர்ந்தன. திங்கட்கிழமை காலை பேருந்துகள் ஏறக்குறைய காலியாக ஓடின. அன்று பார்க்ஸுக்கு நீதிமன்றம் விதித்தது 10 டாலர் அபராதம், 4 டாலர் வழக்குச் செலவு. அன்று மாலை அமைந்த சங்கத்துக்குத் தலைவராக்கப்பட்டவர், ஊருக்குப் புதியவரான 26 வயது பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங்.

ஒருநாள் புறக்கணிப்பு எளிது. இரண்டாவது வாரம்தான் கஷ்டம். முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற சட்டத்தைக் காட்டி நகராட்சி அதை நிறுத்தியது. உடனே சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் முறைவைத்து ஓட்டினார்கள். சுமார் 300 கார்கள், ஏறுவதற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள். தேவாலயங்கள் பெரிய வண்டிகளை வாங்கிக் கொடுத்தன. காவலர்கள் அந்த ஓட்டுநர்களுக்குக் காரணமின்றி அபராதம் போட்டார்கள். 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30 மைலில் போனதாகக் கிங்கையே சிறையில் வைத்தார்கள். உள்ளூர்க் காப்பீடு ரத்தானபோது லண்டன் லாயிட்ஸ் வழியாகக் காப்பீடு பெற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், சமையல்காரப் பெண் வராமல் போய்விடுவாளே என்று வெள்ளையர் வீட்டு அம்மாக்களே கார் எடுத்துப்போய் அழைத்து வந்தார்கள். மேயர் அவர்களையும் கடிந்துகொண்டார்.

வதந்தியும் ஓர் ஆயுதமாயிற்று. 1956 ஜனவரியில், சமரசம் ஆகிவிட்டது என்று ஞாயிறு நாளிதழில் ஒரு பொய்ச் செய்தி வரப்போவது சனி இரவே தெரிந்தது. கிங்கும் மற்றவர்களும் இரவோடு இரவாக, மக்கள் கூடும் கேளிக்கை விடுதிகளுக்குக்கூட நேரில் போய், அது பொய் என்று சொல்லி வந்தார்கள். திங்களன்றும் பேருந்தில் ஆள் ஏறவில்லை. அடுத்த வாரம் கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். இருவரும் தப்பினர்.

பெட்ரோலுக்கும் வண்டிகளுக்கும் பணம் வேண்டுமே? ஜார்ஜியா கில்மோர் என்ற உணவகச் சமையல்காரி இங்கே வருகிறார். அவர் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுவல், மீன், கேக் எல்லாம் செய்து, சிகை அலங்காரக் கடைகளிலும் டாக்சி நிறுத்தங்களிலும் விற்று, காசைச் சங்கக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார். செய்தவர்களும் வாங்கியவர்களும் வெள்ளையர் வீட்டு வேலையை நம்பியிருந்தவர்கள். பெயர் வெளியே வந்தால் வேலை போய்விடும். ஆகவே பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்பதே பதில். அந்தக் குழுவின் பெயரே அதுதான். கில்மோர் மட்டும் நீதிமன்றத்தில் வெளிப்படையாகச் சாட்சி சொன்னார், வேலையை இழந்தார், பிறகு தம் வீட்டு அடுப்படியிலேயே சமைத்து விற்றார்.

பேருந்துச் சட்டத்தை இறுதியில் வீழ்த்திய வழக்கு பார்க்ஸ் பெயரில் இல்லை. அவருடைய மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களில் சிக்கி இழுபடும் என்று 25 வயது வக்கீல் ஃபிரெட் கிரே கருதினார். 1956 பிப்ரவரியில் வேறு பெண்கள் பெயரில் நேரே மத்திய நீதிமன்றத்துக்குப் போனார். ஒருவர் விலகிக்கொள்ள, எஞ்சிய நால்வர்: அரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், முன்பு ஒதுக்கப்பட்ட அதே கிளாடெட் கால்வின். அந்தப் பெண் துணிந்து சாட்சி சொன்னாள். ஜூன் மாதம் மூன்று நீதிபதிகளில் இருவர் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே நாளில்தான் உள்ளூர் நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடை விதித்தது. உச்ச நீதிமன்ற ஆணை ஊருக்கு வந்து சேர டிசம்பர் 20 ஆயிற்று. அதுவரை மக்கள் நடந்தார்கள். 21ஆம் தேதி காலை முன்வாசல் வழியாக ஏறி, விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகும் பேருந்துகள் சுடப்பட்டன. ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் காலில் குண்டு பாய்ந்தது. ஜனவரியில் தேவாலயங்களில் வெடிகுண்டுகள். ரோசா பார்க்ஸுக்குத் தையல் வேலை போராட்டத்தின் நடுவிலேயே போய்விட்டது. 1957இல் குடும்பத்தோடு டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். கிளாடெட் கால்வின் மீதான குற்றப் பதிவை மாண்ட்கோமரி நீதிமன்றம் நீக்கியது 2021இல். அப்போது அவருக்கு வயது 82.