வைஃபை மக்கர் செய்கிறதா? எந்தக் கண்ணி அறுந்தது என்று முதலில் பாருங்கள்

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் வீடெடுத்துத் தங்கி வேலை பார்ப்பவரா நீங்கள்? தினமும் செக்டர் ஃபைவ் அலுவலகத்துக்குப் போய்வருபவராக இருக்கலாம். வீட்டிலிருந்தபடியே சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் மேலாளருக்குப் பதில் சொல்பவராக இருக்கலாம். எப்படியானாலும் வருகைப்பதிவு, டீம்ஸ் அழைப்பு, வாட்ஸ்அப் குழு, நேர்காணல் என்று வேலையின் பெரும்பகுதி இன்று கைப்பேசி வழியாகவே நடக்கிறது. வைஃபை நின்றால் வேலையும் நிற்கும்.

அந்தப் பதற்றத்தில் பலரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துபார்க்கிறார்கள். ரவுட்டரை அணைப்பது, பாஸ்வேர்டை மாற்றுவது, கைப்பேசியை ரீசெட் செய்வது என்று அரை மணி நேரம் போய்விடும். கடைசியில் தெருமுனைக் கம்பத்தில் ஃபைபர் அறுந்திருப்பது தெரியவரும். அதனால் இந்தக் கட்டுரை வலியுறுத்துவது ஒன்றைத்தான்: சரிசெய்யக் கை வைக்கும் முன், கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள்.

நான்கு கண்ணி, நான்கு கேள்வி

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் இடையே காற்றில் நடப்பதுதான் வைஃபை. ரவுட்டருக்கு அப்பால் கம்பி வழியாக வருவது இன்டர்நெட். ஆக, சங்கிலியில் நான்கு கண்ணிகள்: கைப்பேசி, காற்று, ரவுட்டர், வெளிக்கம்பி. எது அறுந்தது என்பதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். சோதிக்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். சில கைப்பேசிகள் வைஃபை மந்தமானால் தாமாகவே டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்போது எது வேலை செய்கிறது என்றே தெரியாது.

1. அதே இடத்தில் இன்னொரு கைப்பேசியிலோ லேப்டாப்பிலோ நெட் வருகிறதா? வந்தால் கோளாறு உங்கள் கைப்பேசியில்.

2. ரவுட்டருக்கு அருகில் போய் நின்றால் சரியாகிறதா? சரியானால் கோளாறு காற்றில். அதாவது தூரம், சுவர், நெரிசல்.

3. எந்தக் கருவியிலும் வரவில்லை, ஆனால் ரவுட்டர் பெட்டியின் விளக்குகள் வழக்கம்போல் எரிகின்றனவா? பெரும்பாலும் ரவுட்டர் திணறுகிறது.

4. 'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னுகிறதா? வெளியிலிருந்து வரும் ஒளிச் சிக்னல் வரவில்லை. வீட்டுக்குள் நீங்கள் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை.

வெளிக்கம்பி: நேரத்தை வீணாக்காதீர்கள்

சித்திரை, வைகாசி மாலைகளில் அடிக்கும் கால்பைசாகிப் புயலில் மரக்கிளை முறிந்து, தலைக்கு மேல் போகும் கேபிள்கள் அறுவது கொல்கத்தாவில் எல்லாருக்கும் பழகிய விஷயம். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் மெல்லிய ஃபைபர் கம்பி பெட்டியில் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா, எங்காவது கூர்மையாக மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கம்பியின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். பிறகு கேபிள்காரருக்கு ஃபோன் செய்யுங்கள். வங்காளம் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. "தாதா, நெட் ஆஷ்சே நா, லால் பாத்தி ஜோல்ச்சே" என்றால் போதும். அண்ணே, நெட் வரலை, சிவப்பு விளக்கு எரியுது என்று சொல்லிவிட்டீர்கள். சிவப்பு விளக்கு என்ற சொல் காதில் விழுந்ததும், ஃபைபர் வேலைக்கான ஆளை அனுப்ப வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

ரவுட்டர்: அணைத்து எழுப்பும் முறை

ஃபைபர் வந்து சேரும் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் சுவர் பிளக்கில் அணையுங்கள். 30 விநாடி பொறுங்கள். முதலில் ஃபைபர் பெட்டியைப் போட்டு, அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டரைப் போடுங்கள். எல்லாம் எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி அணைக்காதீர்கள். ரவுட்டரின் பின்புறம் குண்டூசி நுழையும் அளவில் இருக்கும் ரீசெட் துளையைத் தொடவே வேண்டாம். அதை அழுத்தினால் இணைப்பு நிறுவனம் பதிந்துவைத்த விவரங்களும் அழிந்துபோகலாம். பிறகு ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

மின்சாரம் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்கிவையுங்கள். அடாப்டரில் 9 வோல்ட் என்று இருக்கிறதா, 12 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து மின்சாரம் தேவை.

காற்று: பாலிகஞ்ச் வீடுகளின் தனிச் சிக்கல்

பாலிகஞ்ச் பிளேஸ், ஹிந்துஸ்தான் பார்க் பக்கம் இருக்கும் பழைய வீடுகளின் செங்கல் சுவர்கள் தடிமனானவை. கோடையில் குளுமை தரும் அதே சுவர் வைஃபையைத் தின்றுவிடும். முன்னறையில் இருக்கும் ரவுட்டரின் சிக்னல் இரண்டு சுவர் தாண்டிப் பின்னறைக்கு வருவதற்குள் நலிந்துவிடுகிறது.

அலைநீளத்தைத் தெரிந்துகொண்டால் இதன் காரணம் விளங்கும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 செ.மீ. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிக்கும் குறைவு. பொதுவாக அலை குறுகக் குறுகச் சுவரை ஊடுருவும் திறனும் குறையும். குறுகிய அலைகளை வைத்து உலகிலேயே முன்னோடிச் சோதனைகள் நடந்தது இதே கொல்கத்தாவில்தான். ஜகதீஷ் சந்திர போஸ் 1890-களின் நடுவில் பிரசிடென்சி கல்லூரியில் மில்லிமீட்டர் அளவு அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். அவர் தொட்ட 60 கிகாஹெர்ட்ஸ் இன்றும் அதிவேக வைஃபைக்குப் பயன்படுகிறது. ஆனால் அது ஓர் அறைக்குள் ஓடும் வைஃபை, சுவர் தாண்டாது. 2012-இல் ஐஇஇஇ என்ற உலக மின்பொறியாளர் அமைப்பு அவருடைய சோதனைகளை மைல்கல்லாக அறிவித்தது.

உங்களுக்கு வேண்டிய பாடம் எளிது. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வேலை என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள், வேகம் கிடைக்கும். சுவர் தாண்டி இருந்தால் 2.4-இல் இணையுங்கள், எட்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் ரவுட்டர் செட்டிங்ஸில் பெயரைப் பிரித்துவையுங்கள். அப்போதுதான் எதில் இணைகிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கும்.

புதிய அடுக்குமாடிகளில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பெயர்களே இருபது வரும். 2.4 பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அத்தனை வீடுகளும் அந்த மூன்றில் நெருக்கியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே பட்டையில்தான் இயங்குகின்றன. இந்திய அரசு 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் இடத்தைப் பெரிதாக்கிவிட்டது. அதனால் அடுக்குமாடியில் 5 கிகாஹெர்ட்ஸே நல்லது.

ரவுட்டரை டிவிக்குப் பின்னாலும் இரும்பு பீரோ மேலும் வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், தோள் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். அதற்கும் மசியாத பழைய வீடு என்றால் பின்னறைக்கு ஒரு கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டர் வைப்பதே நிலையான தீர்வு. வாடகை வீடு என்றால் சுவரில் துளையிடும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கைப்பேசி: இழப்பு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்

கோளாறு கைப்பேசியில்தான் என்று உறுதியான பிறகு இந்த வரிசையில் போங்கள். ஒவ்வொரு படிக்குப் பிறகும் நெட் வருகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

1. ஃப்ளைட் மோடைப் போட்டு, பத்து விநாடி கழித்து எடுங்கள்.

2. கைப்பேசியை முழுதாக அணைத்துப் போடுங்கள்.

3. தேதி, நேரம் தானாக அமையும்படி இருக்கிறதா என்று பாருங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகிவிடும். வைஃபை இணைந்திருந்தும் பக்கம் திறக்காது.

4. விபிஎன், விளம்பரத் தடுப்புச் செயலி, பிரைவேட் டிஎன்எஸ் ஆகியவற்றை அணைத்துப் பாருங்கள். வாட்ஸ்அப் வருகிறது, இணையதளம் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் மீது சந்தேகப்படலாம்.

5. வைஃபை பெயரை அழுத்தி 'ஃபர்கெட்' கொடுத்து, பாஸ்வேர்டைப் புதிதாக இட்டு இணையுங்கள். பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

6. இணைப்பின் விவரத்தில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறதா? ரவுட்டர் உங்களுக்கு முகவரி தரவில்லை என்று அர்த்தம். ஐபி செட்டிங் 'டிஹெச்சிபி' அல்லது 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்க வேண்டும்.

7. இயங்குதள அப்டேட் நிலுவையில் இருந்தால் போடுங்கள்.

8. கடைசியாக, நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட். படங்களும் செயலிகளும் போகாது. ஆனால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், புளூடூத் இணைப்புகள், விபிஎன் அமைப்புகள் அழிந்துவிடக்கூடும். அலுவலகம் கொடுத்த கைப்பேசி என்றால் ஐடி பிரிவைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள்.

அலுவலக வைஃபை: யாரும் சொல்லித்தராத இரண்டு விஷயம்

முதலாவது, பாஸ்வேர்டு. பல அலுவலகங்களில் வைஃபைக்கும் லேப்டாப்புக்கும் ஒரே ஊழியர் கணக்குதான். லேப்டாப்பில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். பையில் கிடக்கும் கைப்பேசி பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். சில தடவை தவறியதும் கணக்கே பூட்டிக்கொள்ளலாம். மின்னஞ்சலும் சேர்ந்து போய்விடும். ஆகவே பாஸ்வேர்டை மாற்றும் நாளில் முதல் வேலையாகக் கைப்பேசியின் வைஃபையை அணையுங்கள். மாற்றி முடித்ததும் அங்கேயும் புதியதை இடுங்கள்.

இரண்டாவது, மேக் முகவரி. ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண் அது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைப்பேசிகள் தனியுரிமைக்காக உண்மை எண்ணை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் எண்ணைக் காட்டுகின்றன. அலுவலகமோ உண்மை எண்ணைப் பதிந்துவைத்து, அதை மட்டும் உள்ளே விடலாம். பாஸ்வேர்டு சரி, சிக்னல் முழுசாக இருக்கிறது, இருந்தும் இணையவில்லை என்றால் இதைப் பாருங்கள். அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் ஆண்ட்ராய்டில் 'ஃபோன் மேக்' என்று மாற்றலாம். ஐஃபோனில் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை அணைக்கலாம். காபிக் கடை, ரயில் நிலைய வைஃபைகளுக்கு மறைத்தபடியே இருக்கட்டும்.

நேர்காணல் நாளுக்கான ஏற்பாடு

வீடியோ அழைப்புக்குப் பெரிய வேகம் தேவையில்லை. இருவர் பேசும் நல்ல தரமான அழைப்புக்கு 600 கேபிபிஎஸ், 720பி தரத்துக்கு 1.2 எம்பிபிஎஸ் என்பது ஜூம் நிறுவனமே சொல்லும் கணக்கு. உங்கள் இணைப்பு அதைப்போல் பல மடங்கு கொண்டதாகத்தான் இருக்கும். அழைப்பைக் கெடுப்பது வேகக் குறைவைவிட இணைப்பு விட்டுவிட்டு வருவதுதான். அதனால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். முந்தின நாள் அதே நேரத்தில், அதே நாற்காலியில், ஒரு நண்பரோடு பத்து நிமிடம் பேசிப்பாருங்கள். டவுன்லோடு, அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள்.

மாற்றுவழியும் தயாராக இருக்கட்டும். வீட்டு நெட் எந்த நிறுவனத்துடையதோ, அதைத் தவிர்த்து வேறு நிறுவன சிம்மில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பழகிவையுங்கள். துர்கா பூஜை நாள்களில் ஏக்டாலியா, கரியாஹாட் பக்கம் திரளும் கூட்டத்தில் மொபைல் டேட்டா திணறும். அந்த வாரத்தில் ஹாட்ஸ்பாட்டை மட்டும் நம்பாதீர்கள். தடித்த சுவர்களுக்குள் மொபைல் சிக்னல் எட்டாத வீடு என்றால் வைஃபை காலிங்கை இயக்கிவையுங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் கொண்டுவந்த வசதி இது. சாதாரண ஃபோன் அழைப்பே வைஃபை வழியாக வந்துவிடும்.

எல்லாம் கைவிட்டாலும் பதற வேண்டாம். நேர்காணல் நடத்துபவரின் எண்ணை முன்கூட்டியே வாங்கிவைத்திருங்கள். "வணக்கம், என் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. இதே எண்ணில் குரல் அழைப்பில் தொடரலாமா?" என்று உடனே கேளுங்கள். சொல்லாமல் மறைந்துபோனால்தான் தவறாக நினைப்பார்கள். சொல்லிவிட்டால் உங்கள் நிதானம் அவர்கள் கண்ணில் படும்.

ஐடி பிரிவுக்கு எப்படி எழுதுவது?

"வைஃபை வேலை செய்யவில்லை, அவசரம்" என்று எழுதினால் பதிலுக்குக் கேள்விகள்தான் வரும். இப்படி எழுதுங்கள்: "காலை 10.15 முதல் மூன்றாம் மாடி மீட்டிங் அறையில் என் கைப்பேசி அலுவலக வைஃபையில் இணையவில்லை. 'ஐபி முகவரி பெற முடியவில்லை' என்று வருகிறது. அதே அறையில் சக ஊழியரின் கைப்பேசி இணைகிறது. என் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் இயங்குகிறது. ஃபர்கெட் செய்தும் கைப்பேசியை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன். ஆண்ட்ராய்டு 14." எப்போது, எங்கே, எந்த வாசகம், யாருக்கு வருகிறது, என்ன செய்து பார்த்தேன் ஆகிய ஐந்தும் இதில் வந்துவிட்டன. படிப்பவர் நேரே வேலையைத் தொடங்கலாம். கோளாறைத் தெளிவாக விவரிக்கத் தெரிவது எந்தத் துறையிலும் மதிக்கப்படும் திறமை. வைஃபையில் பழகினால் மற்ற வேலையிலும் கைகொடுக்கும்.

இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். வைஃபை பாஸ்வேர்டு, இணைப்பின் வாடிக்கையாளர் எண், கேபிள்காரரின் எண், ஐடி உதவி எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். செயலிக்குள் மட்டும் இருக்கும் எண், நெட் போன நேரத்தில் கைக்கு வராது.