மாதிரி நூல் முதலில், விண்ணப்பம் பிறகு

மலேசியாவின் பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் சாலையில் வண்டியை நிறுத்திப் படமெடுக்காத பயணி குறைவு. பச்சைச் சரிவும் மூடுபனியும் யார் எடுத்தாலும் அழகாகவே விழும். முதல் புகைப்பட நூலுக்கு நிதி கேட்டுப் போகிறவருக்கு அந்த அழகுதான் பெரிய இடைஞ்சல். தேர்வுக் குழுவினர் அதை நாள்காட்டியிலும் தேயிலைப் பொட்டலத்திலும் பார்த்துப் பழகியவர்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர் மட்டுமே எடுக்கக்கூடிய படம் எது என்றுதான் தேடுவார்கள்.

ஆகவே விண்ணப்பத்தில் 'தோட்டத் தமிழர் வாழ்வு' என்று அகலமாக எழுதாதீர்கள். நான் கைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். 1929இல் ரஸ்ஸல் தொடங்கிய 'போ' தேயிலை நிறுவனத்தின் காலத்திலிருந்து இந்த மலையில் கொழுந்தைக் கையால் கிள்ளினார்கள். பிறகு கத்தரி வந்தது. இப்போது இருவர் சேர்ந்து பிடிக்கும் இயந்திரம் வெட்டுகிறது, பிடிப்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இந்த மாற்றத்தைப் பார்த்த பெண்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே நூல் வரவேண்டும் என்ற அவசரத்தை நான் மறைக்காமல் எழுதினேன். விண்ணப்பத்தின் பலமே அந்தப் பத்திதான் என்று இன்றும் நம்புகிறேன்.

படிவத்தைத் தொடுவதற்கு முன் மாதிரி நூல் செய்யுங்கள். சாதாரண அச்சு, கத்தி, பசை, தையல் நூல் போதும். திரையில் நன்றாக நிற்கும் படம் பக்கத்தைப் புரட்டும்போது செத்துப்போகும். சுமாரான படம் சரியான இடத்தில் உயிர் பெறும். என் மாதிரியைப் புரட்டிய அத்தை ஒருவர், “எல்லாம் கையாவே இருக்கு தம்பி, நடுவுல எங்க லயத்த வையேன். இந்தக் கை எங்க போய்ச் சோறாக்குச்சுன்னு தெரிய வேணாமா?” என்றார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் அடுப்பங்கரை நூலின் நடுவுக்கு வந்தது அப்படித்தான்.

எங்கே விண்ணப்பிப்பது? மலேசியாவில் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் நடத்தும் கிருஷேன் ஜித் நிதியையும், 2017இல் அமைந்த கலை நிதி அமைப்பான செண்டானாவின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள். வெளியே பார்த்தால், பிரான்சின் ஆர்ல் புகைப்பட விழாவில் லூமா ஆதரவுடன் தரப்படும் மாதிரி நூல் விருது இன்னும் வெளிவராத நூலுக்கானது. வென்றால் தயாரிப்புக்கு 25,000 யூரோ. அப்பெர்ச்சர்–பாரிஸ் ஃபோட்டோ தரும் 10,000 டாலர் முதல் நூல் பரிசோ வெளிவந்துவிட்ட நூலுக்கு. இந்த வேறுபாட்டைப் படிவம் நிரப்பும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய பதிப்பகம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். தமிழகக் கடற்கரைத் திருவிழாவில் எடுத்த படங்களும் கொண்ட சோராப் ஹூராவின் 'தி கோஸ்ட்' அவரே பதிப்பித்தது. 2019இல் அதே அப்பெர்ச்சர் விருதுகளில் ஆண்டின் சிறந்த புகைப்பட நூலானது.

செலவுப் பட்டியலைத் தேர்வாளர்கள் வரி வரியாகப் படிப்பார்கள். அச்சகத்திடம் எழுத்தில் விலை வாங்கி இணையுங்கள். ஆஃப்செட்டில் பக்கங்கள் பெரும்பாலும் 16 பக்க அச்சுப் படிவங்களாக ஓடும். 96 பக்கம் என்றால் ஆறு படிவம். 100 என்று வைத்தால் அந்த நான்கு பக்கத்துக்குத் தனிச் செலவு. சோதனை அச்சுக்குப் பணம் ஒதுக்காமல் இருக்காதீர்கள், குறிப்பாக நம் மலைப் படங்களுக்கு. பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும். மூடுபனியின் மெல்லிய சாம்பல் நிறங்கள் ஒன்றாகக் கலந்துவிடும், தேயிலைப் பச்சை மங்கும். இரண்டு வகைத் தாளில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். நூல்கள் கோலாலம்பூரிலிருந்து மேலே வரும் போக்குவரத்தையும், இங்குள்ள ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் வைக்கும் ஏற்பாட்டையும் கணக்கில் சேருங்கள்.

தமிழ்க் குறிப்புகளுக்கும் மெய்ப்புப் பார்ப்பவருக்கும் தனி வரி போடுங்கள். படத்தில் இருக்கும் பெண்களால் படிக்க முடியாத நூலை அவர்கள் பெயரால் நிதி வாங்கிப் போடுவது நியாயமில்லை. படம் எடுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு படி, தோட்டத் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு ஒரு படி, 1986ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டப்படி தேசிய நூலகத்துக்கு ஐந்து படி. விற்பனைக்கு எத்தனை என்பதை இவற்றைக் கழித்த பிறகு எழுதுங்கள்.