கர்ப்பப்பையில் கட்டி: பயம் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்



போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு சகோதரி உள்கடன் கேட்டார். "எதுக்கு?" என்றோம். "வயித்துல கட்டியாம், கர்ப்பப்பையையே எடுக்கணுமாம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இரண்டு வருடமாக அவருக்கு உதிரப்போக்கு அதிகம். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. அன்று பேசியதைத்தான் இந்தப் பாடமாகத் தருகிறோம்.

கட்டி என்றால் என்ன?

கர்ப்பப்பையின் தசையில் வளரும் கட்டியை 'நார்த்திசுக் கட்டி' என்கிறோம். டாக்டர்கள் 'பைப்ராய்டு' என்பார்கள். மிளகு அளவிலும் இருக்கும், தேங்காய் அளவிலும் இருக்கும். 30 முதல் 50 வயதுக்குள் உள்ள பெண்களுக்கு இது சாதாரணமாக வருவது. இது புற்றுநோய் அல்ல. பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும்.

என்னென்ன அறிகுறிகள்?

* 7 நாளுக்கு மேல் தீட்டு நீடிப்பது
* மணிக்கொரு தரம் துணி அல்லது நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, கட்டி கட்டியாகப் படுவது
* அடிவயிறு கனம், இடுப்பு வலி
* அடிக்கடி சிறுநீர் வருவது, மலச்சிக்கல்
* சிலருக்குக் கரு தங்குவதில் சிரமம்

ரத்தம் அதிகமாகப் போனால் ரத்தசோகை வரும். நடந்தால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், படபடப்பு வரும். "வேலை அதிகம், அதான் அசதி" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் ரத்தசோகைதான். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது, டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். வயிற்று ஸ்கேன் எடுத்தால் கட்டி தெரிந்துவிடும். தொந்தரவு இல்லாத சிறு கட்டிக்கு வைத்தியமே தேவைப்படாமல் போகலாம். உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது. கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனும் உண்டு. எல்லோருக்கும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

ஆபரேஷன் என்று சொன்னால் கேளுங்கள்:

1. கட்டி எவ்வளவு பெரிது, எந்த இடத்தில் இருக்கிறது?
2. மாத்திரையில் சரிசெய்ய முடியாதா?
3. கட்டியை மட்டும் எடுக்கலாமா?
4. கர்ப்பப்பையை எடுத்தால் சினைப்பையை விட்டுவிடுவீர்களா?

சிறு வயதில் சினைப்பையையும் எடுத்துவிட்டால் எலும்பு பலவீனமாகும். அவசரம் இல்லாவிட்டால் இன்னொரு டாக்டரிடமும் கேட்பது தப்பில்லை. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம்: மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால், ஒரு துளியானாலும், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நம்ம சகோதரியைக் குழுவில் இரண்டு பேர் துணைக்குப் போய் அரசு மருத்துவமனையில் காட்டினோம். இப்போது மாத்திரையில் இருக்கிறார். கடன் தேவைப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். வெட்கத்தில் மறைத்து வைத்தால் நோய்தான் வளரும்.